சேர்மன் இல்லாத ஐந்து வருடம்: சில குறிப்புகள்

புது முதல்வர் பதவியேற்பு டி.வி.யில் ஓடும்போதெல்லாம் பெரியகுளம் மூன்றாந்தல் பக்கத்து டீக்கடைகளில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இவராச்சும் எதையாவது மாத்துவாராண்ணே?" பதிலும் ரெடியாக இருக்கும். "மாத்துவாரு, போர்டை மாத்துவாரு." பழைய திட்டத்துக்குப் புதுப் பெயர் வைப்பதைத்தான் சொல்கிறார்கள். சிரித்துவிட்டு மாங்காய் விலைக்குப் போய்விடுவோம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதைப் பிடித்து நிறுத்திப் பார்க்கலாமே என்று அவ்வப்போது எழுதிவைத்தவை இவை. வரிசை எதிர்பார்க்க வேண்டாம்.

*

முதல்வர்களைப் பார்த்த அனுபவத்தில் எங்கள் தேனி மாவட்டத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1984இல் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். ஜெயலலிதா 1989இல் போடியில் நின்று எதிர்க்கட்சித் தலைவரானார். 2002இல் ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் ஜெயித்து மறுபடி முதல்வரானார். ஓ. பன்னீர்செல்வம் பெரியகுளத்துக்காரர். மூன்று முறை முதல்வர்.

வி.ஐ.பி. தொகுதி என்றால் ரோடு வரும், கல்லூரி வரும், கலெக்டர் அடிக்கடி வருவார். அதெல்லாம் வந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் தேடுவது வேறு. வந்த தலைவர்களில் எவராவது, அவர் இல்லாத காலத்திலும் அவர் கட்சிக்காரனை ஒரு சாதாரண ஆள் கேள்வி கேட்கும்படி ஒரு விதியை எழுதிவைத்துப் போனாரா? அரசியல் சீர்திருத்தம் என்று எதையாவது சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் நல்ல நிர்வாகம், அல்லது நல்ல மனசு.

*

பன்னீர்செல்வத்தின் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். டீக்கடை வைத்திருந்தவர். 1996இல் நகராட்சித் தேர்தலில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு சேர்மன் ஆனார். 2001இல் முதல்முறை எம்.எல்.ஏ., மந்திரி. அதே வருடம் செப்டம்பர் 21இல் முதல்வர். நான்கு மாதத்தில் இவ்வளவு உயரம் ஏறியவர்கள் இந்திய அரசியலில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஜெயலலிதாவின் நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் வேறொன்று போட்டுக்கொண்டதை நாடே கிண்டல் செய்தது. ஊரில் கிண்டல் செய்தவர்கள் குறைவு. "விசுவாசம்ப்பா" என்றார்கள். எனக்கு அப்போதும் இப்போதும் ஒரே எண்ணம்தான்: அந்த நாற்காலி தன்னுடையதென்று நம்பாத ஒருவரிடம் சீர்திருத்தத்தை எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் 2017 ஜனவரி? மெரினாவிலும் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். 17ஆம் தேதி கூட்டம் திரண்டது, 21ஆம் தேதி ஜல்லிக்கட்டுக்கு அவசரச் சட்டம் வந்தது, 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதாவும் நிறைவேறியது. அப்போது முதல்வர் இதே பன்னீர்செல்வம். வருடக்கணக்கில் இழுத்த விஷயம் ஒரே வாரத்தில் முடிந்தது. முடியாது என்று அரசாங்கம் சொல்வதில் எவ்வளவு நிஜம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கூட்டம் கலைந்த பிறகு அந்த வேகம் வேறெதற்கும் வரவில்லை.

*

இனி, இந்தக் குறிப்புகளை எழுத வைத்த விஷயம்.

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டும். வேட்புமனுத் தாக்கல் முடியும் கட்டம். பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று தி.மு.க. வழக்குப் போட, 4ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. சரி, குறையைத் திருத்திவிட்டு இரண்டு மாதத்தில் நடத்துவார்கள் என்று நினைத்தோம். அதன்பின் வார்டு மறுவரையறை, மேல்முறையீடு, புது மாவட்டங்கள், மறுபடி மறுவரையறை. எங்கள் மாவட்டக் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. நகராட்சிகளுக்கு வந்தது 2022 பிப்ரவரி 19இல்.

நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல், நூறாண்டைத் தாண்டிய பெரியகுளம் நகராட்சியில் கவுன்சிலர் கிடையாது, சேர்மன் கிடையாது. கமிஷனரே தனி அலுவலர். தீர்மானம் போடுவதும் அவர், அதை நிறைவேற்றுவதும் அவர், சரியாக நடந்ததா என்று பார்ப்பதும் அவர். தப்பான அதிகாரி என்று சொல்ல வரவில்லை. வந்தவர்களில் நல்லவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் சோத்துப்பாறைத் தண்ணீர் ஒரு தெருவுக்கு வரவில்லையென்றால், ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டி "என்னம்மா இது, ஓட்டு மட்டும் கேட்டு வந்தீங்களே" என்று கேட்க ஆள் வேண்டாமா? தனி அலுவலர் வீட்டுக் கதவை யார் தட்டுவது?

இந்த ஐந்து வருடத்தில் இரண்டு மாதம் முதல்வராகவும், பிறகு 2017 ஆகஸ்டிலிருந்து 2021 மே வரை துணை முதல்வராகவும் இருந்தவர், இதே நகராட்சியின் சேர்மன் பதவியில் தொடங்கி மேலே போனவர். ஏறிவந்த ஏணி அங்கேயே சாத்தியிருந்தது. அடுத்தவன் ஏறத்தான் வழியில்லை. அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அவரைத் தேர்ந்தெடுத்த கட்சி, வழக்குப் போட்ட கட்சி, தேர்தல் ஆணையம், எல்லாவற்றுக்கும் மேலாக இதை ஒரு பிரச்சினையாகவே நினைக்காத நாங்கள் என்று பட்டியல் நீளம். ஜல்லிக்கட்டுக்கு உட்கார்ந்த ஊரில் கவுன்சிலருக்காக ஒருவரும் உட்காரவில்லை. நானும்தான்.

*

இது புதுப் பழக்கமும் இல்லை. சென்னை மாநகராட்சியை 1973இல் கலைத்தார்கள். 1996 வரை மேயர் இல்லை. 1970இல் நடந்த பஞ்சாயத்துத் தேர்தலுக்கு அடுத்தது 1986இல்தான். அந்த இடைவெளியில் கோட்டையில் இரண்டு கழகமும் இருந்திருக்கிறது. எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

*

விடிகாலை நான்கு மணிக்கு எழுந்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க ஜீப் சத்தம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறார்கள். சாயங்காலம் திரும்பும்போது கூலியோடு செய்தியும் வரும். "அங்கன ஊருக்கூட்டத்துல இந்த ரோட்டுக்கு எம்புட்டுன்னு கேட்டுட்டாங்கண்ணே, மெம்பர் நோட்டைக் காட்டுறாரு." இதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பொறாமை இருக்கும்.

1996ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் இரண்டு மாநிலத்திலும் ஆட்சி மாறியது. இந்தப் பக்கம் கலைஞர், அந்தப் பக்கம் நாயனார். கலைஞர் அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தலை நடத்தினார். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம், மேயருக்கும் சேர்மனுக்கும் நேரடித் தேர்தல். பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. அடுக்களையிலிருந்து வெளியே வராத எத்தனையோ பெண்கள் அந்த வருடம் பிரசிடெண்ட் ஆனார்கள். சில இடங்களில் கையெழுத்து அந்தம்மா, ஆட்சி புருஷன் என்று நடந்ததும் உண்மை. போகப்போக சில அம்மாக்கள் புருஷனை வாசலிலேயே நிறுத்தியதும் உண்மை.

நாயனார் அரசு ஆகஸ்ட் 17இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு. என்ன செய்வதென்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார்கள். பதவிக்கு வந்து மூன்றே மாதம். மந்திரிகள் தங்கள் துறையின் பணத்தைக் கையைவிட்டுப் போக விட்டார்கள். எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு என்று மாநில பட்ஜெட்டோடு ஒரு பின்னிணைப்பிலேயே பெயர் போட்டு அச்சடித்துவிடுகிறார்கள். இதுதான் என்னைக் கவர்ந்த விஷயம். அச்சில் வந்துவிட்டால் ஒரு மெம்பர் யாரையும் அண்ணனென்று கும்பிட்டு வாங்க வேண்டியதில்லை. 2001இல் காங்கிரஸ் கூட்டணி வந்தது. திட்டத்தின் பெயரை மாற்றியது (போர்டு மாற்றும் வியாதி மலைக்கு அந்தப் பக்கமும் உண்டு), ஆனால் பணம் போகும் வழியை அடைக்கவில்லை. அடைத்திருந்தால் அவர்கள் கட்சிப் பஞ்சாயத்துத் தலைவர்களே சண்டைக்கு வந்திருப்பார்கள். சீர்திருத்தம் வேர் பிடித்ததா என்று பார்க்க எனக்குத் தெரிந்த அடையாளம் இதுதான். எதிர்க்கட்சி வந்தும் அதைப் பிடுங்க முடியாமல் போக வேண்டும்.

கேரளா சொர்க்கம் இல்லை. அங்கே கட்சிக்காரன் இல்லாமல் எதுவும் நகராது என்று தோட்டத்துக்குப் போய்வருகிறவர்களே சொல்வார்கள். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வந்துவிடும். கொரோனா காலத்தில்கூட ஒரு மாதம் தள்ளி, 2020 டிசம்பரில் நடத்தி முடித்தார்கள்.

*

இந்தப் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மேலேயிருந்து கொடுப்பதில் தமிழ்நாடு கைதேர்ந்தது. ரேஷன் அரிசி, 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு, 2023இல் மகளிர் உரிமைத் தொகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருக்கிறது, பஸ் கிராமத்துக்குள் வருகிறது. அதிகாரிகளை வைத்தே இவ்வளவும் செய்து காட்டியிருக்கிறார்கள். "எல்லாம் வருதுல்ல, கவுன்சிலர் எதுக்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். வராதபோது கேட்பதற்குத்தான் என்றேன். அவர் சமாதானமாகவில்லை. முதல்வரின் தனிப்பிரிவுக்கு மனுப் போட்டால் பதில் வருகிறதே என்றார். கோடிக்கணக்கான பேருக்கு ஒரே கதவு. அந்தக் கதவும் அரசர் காலத்து ஆராய்ச்சி மணி போலத்தான்: அடித்தால் கேட்பார், ஆனால் கேட்டே ஆக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

*

1980 நவம்பர் 14. எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் கணக்குப்பிள்ளை, கிராம முன்சீப் பதவிகளை ஒழித்தது. சின்ன வயதுக்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. பட்டா, அடங்கல், தீர்வை, சாவுக் கணக்கு, சண்டை விசாரணை எல்லாம் ஊரில் இரண்டு மூன்று குடும்பங்களின் கையில் இருந்தது. அப்பாவுக்குப் பின் பிள்ளை. யார் வீட்டுத் திண்ணையில் யார் நிற்க வேண்டும் என்பதை அந்தக் கணக்கு நோட்டுதான் தீர்மானித்தது. ஒரே நாளில் போனது. பதவி இழந்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள். 1982இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு. அந்த இடத்துக்குத் தேர்வு எழுதி வந்தவர்கள் வி.ஏ.ஓ.க்கள்.

என்னைக் கேட்டால், சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமத்தின் அதிகாரத்தை அடியோடு மாற்றிய மூன்று நான்கு சட்டங்களில் இது ஒன்று. எம்.ஜி.ஆரை சத்துணவுக்காக நினைக்கிறவர்கள் இதை நினைப்பதே இல்லை.

ஆனால் ஒன்று. குடும்பத்தின் கையிலிருந்து எடுத்த அதிகாரம் ஊருக்குப் போகவில்லை, தாலுகா ஆபீசுக்குப் போனது. வி.ஏ.ஓ. தாசில்தாருக்குப் பதில் சொல்வார், கிராம சபைக்கு அல்ல. பழைய பூட்டை உடைத்தவர் புதுச் சாவியைக் கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார். தமிழ்நாட்டுச் சீர்திருத்தங்களில் பாதி இப்படித்தான் நடந்திருக்கிறது.

*

உசிலம்பட்டி தாண்டி பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு என்று ஆனதிலிருந்து பத்து வருடம் தேர்தலே நடக்க விடவில்லை. நடந்தாலும் ஜெயித்தவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா. 2006 மே மாதம் வந்த கலைஞர் அரசு அக்டோபரில் அங்கே தேர்தலை நடத்திக் காட்டியது. அப்போதைய மதுரை கலெக்டர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். போலீசை மட்டும் நம்பியிருந்தால் நடந்திருக்காது. புதிதாக வந்த ஒரு தலைவரால் என்ன முடியும் என்று யாராவது கேட்டால் நான் இந்த ஊர்களைத்தான் காட்டுவேன். புதுச் சட்டம் ஒன்றும் போடவில்லை. ஏற்கெனவே இருந்த சட்டத்தை, ஓட்டுப் போகுமே என்று பயப்படாமல் நடத்தினார்கள். அவ்வளவே.

*

2017 பிப்ரவரி 18, சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. சொந்தக் கட்சி அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்கள், முதல்வர் பதவி போயிருந்த பன்னீர்செல்வத்தையும் சேர்த்து 11 பேர். அவர்கள் பதவி பறிபோகவில்லை. அதே வருடம் முதல்வரை மாற்ற வேண்டும் என்று கவர்னரிடம் கடிதம் கொடுத்தவர்களில் 18 பேரை செப்டம்பர் 18இல் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். அதில் பெரியகுளம் எம்.எல்.ஏ.வும் உண்டு, ஆண்டிபட்டி எம்.எல்.ஏ.வும் உண்டு. மாவட்டத்தின் நான்கு தொகுதியில் இரண்டுக்கு 2019 மே வரை எம்.எல்.ஏ. இல்லை.

கணக்குப் பார்த்தால் பெரியகுளத்துக்காரனுக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் கவுன்சிலரும் இல்லை, சேர்மனும் இல்லை, எம்.எல்.ஏ.வும் இல்லை. துணை முதல்வர் மட்டும் இருந்தார்.

கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் ஆளுங்கட்சிக்காரரான சபாநாயகரே உட்கார்ந்திருக்கும் வரை எந்தக் கட்சி வந்தாலும் இப்படித்தான். இதை மாற்றுவது டெல்லியின் வேலை. எந்த ஆளுங்கட்சிக்கும் அதில் அவசரம் இருக்காது.

*

அந்த இரண்டு தொகுதிக்கும் இடைத்தேர்தல் வந்த சமயம், 2019 ஏப்ரல். ஓட்டுப்பதிவுக்கு முதல் நாளுக்கு முந்தின ராத்திரி ஆண்டிபட்டியில் ஒரு கட்சி அலுவலகம் இருந்த கட்டடத்தில் வருமான வரித் துறை 1.48 கோடி ரூபாயைப் பிடித்தது. கூட்டம் புகுந்ததில் போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுட்டது. கவர்களின்மேல் வார்டு எண், எத்தனை ஓட்டு, தலைக்கு 300 ரூபாய் என்று எழுதியிருந்ததாகத் துறையே சொன்னது.

எனக்கு அதில் உறைத்தது அந்தக் கணக்கு எழுதும் ஒழுங்குதான். நகராட்சியில் வார்டு வாரியாக எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் இப்படிப் பளிச்சென்று ஒரு தாள் கிடைக்குமா? கொடுப்பவர்களைத் திட்டுவது சுலபம். "எங்க தெருவுக்கு வரலை" என்று அன்றைக்குச் சண்டை போட்டவர்களும் எங்கள் ஆட்கள்தான். தெருவுக்கு வராத தண்ணீருக்கு அவ்வளவு சத்தம் கேட்டதில்லை.

*

தேனி நாடாளுமன்றத் தொகுதி, சின்னக் குறிப்பு. 2019 மேயில் ஜெயித்தவரின் வெற்றி செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 ஜூலையில். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அவர் ஐந்து வருடத்தையும் முடித்துவிட்டார். தீர்ப்பு சரியா தவறா என்பதை விடுங்கள். தேர்தல் வழக்கு பதவிக்காலத்தைவிட நீளமாக ஓடினால் வழக்கு எதற்கு?

*

சேர்மனை யார் தேர்ந்தெடுப்பது? 1996இல் மக்கள். 2006இல் கவுன்சிலர்கள். 2011இல் மக்கள். 2019 நவம்பரில் அவசரச் சட்டம், மறுபடி கவுன்சிலர்கள். எது நல்லது என்று இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. எனக்கு நேரடித் தேர்தல்தான் சரி. ஆனால் எதையாவது ஒன்றை வைத்துத் தொலையுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அடுத்த தேர்தலில் எது லாபமோ அதற்கேற்ப விதியை மாற்றினால் அதற்குச் சீர்திருத்தம் என்று பெயரில்லை.

2022 மார்ச் 4இல் கவுன்சிலர்கள் கூடி சேர்மனைத் தேர்ந்தெடுத்தபோது, காங்கிரசுக்கு ஒதுக்கிய தேனி அல்லிநகரம் நகராட்சியை தி.மு.க. கவுன்சிலரே பிடித்தார். மாநிலத்தில் பல இடங்களில் இதே கூத்து. தலைமை தலைகுனிந்து, ஜெயித்தவர்கள் ராஜினாமா செய்ய வேண்டும் என்று அறிக்கை விட்டது. முதல்வராக மு.க. ஸ்டாலின் அன்று பட்ட வருத்தம் நிஜமாகவே இருக்கலாம். ஆனால் சேர்மன் யார் என்பது சென்னையில் கூட்டணிப் பேச்சில் முடிந்து, உள்ளூர் மன்றம் கை தூக்க மட்டும் கூடும் என்ற எண்ணத்தில்தான் கோளாறு.

அவர் ஆட்சிக் கணக்கில் வரவும் இருக்கிறது. கிராம சபையை வருடத்துக்கு ஆறாக ஆக்கினார்கள். நகரத்தில் பகுதி சபா வந்தது. மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் உறுப்பினராக நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டம் திருத்தினார்கள், இது உண்மையிலேயே நல்ல சட்டம். ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பு, 2025 ஜனவரி 5இல், தேனி உட்பட 28 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குப் பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர் வந்து உட்கார்ந்துவிட்டார். 2016இல் எதிர்க்கட்சியாக இருந்து கேட்ட கேள்வியை ஆளுங்கட்சியாக இருந்து மறந்தார்கள்.

*

கடல் தாண்டி ஒரு பார்வை. இலங்கையில் 1994இல் சந்திரிகா ஜனாதிபதி ஆட்சி முறையை ஒழிப்பேன் என்றார். ஒழிக்கவில்லை. 2015இல் மைத்திரிபால வந்து 19ஆவது திருத்தத்தில் கொஞ்சம் வெட்டினார். 2020இல் கோட்டாபய 20ஆவது திருத்தத்தில் வெட்டியதை ஒட்டினார். 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க அதே வாக்குறுதியோடு வந்தார். நவம்பரில் 225இல் 159 இடம். யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறில் மூன்று இடம். தமிழர் ஓட்டு ஒரு தென்னிலங்கைக் கட்சிக்கு இப்படி விழுந்தது சாதாரண விஷயம் இல்லை. உள்ளூராட்சித் தேர்தலை 2025 மே மாதம் நடத்தினார். பாராட்டலாம். மாகாண சபையோ, வடக்கில் 2018 அக்டோபரில் முடிந்தது முடிந்ததுதான். கவர்னர் ஆட்சி. எங்கள் தனி அலுவலருக்கு அங்கே அந்தப் பெயர்.

மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு இனிச் சாக்கு இல்லை. தன் நாற்காலியின் காலைத் தானே அறுக்க அவருக்கு மனம் வருமா என்று யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் கேட்பதும், "இவராச்சும் மாத்துவாரா" என்று மூன்றாந்தலில் கேட்பதும் ஒன்றுதான்.

*

அதனால் என் கணக்கு இது. புதிதாக வரும் யாரையும் முதல் மேடைப் பேச்சையோ, முதல் கையெழுத்தையோ வைத்து எடைபோட மாட்டேன். முதல் கையெழுத்து எப்போதும் கொடுப்பதற்கான கையெழுத்து. உள்ளாட்சித் தேர்தல் தேதியை அரசு தள்ளிப்போட முடியாதபடி செய்கிறாரா? வார்டு வரையறையைத் தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே முடிக்கச் சொல்கிறாரா? தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துத் தலைவரைக் கலெக்டரே நீக்கலாம் என்கிற ஊராட்சிச் சட்டத்தின் 205ஆவது பிரிவைத் தொடுகிறாரா? இதில் ஒன்றைச் செய்தாலும் போர்டை எத்தனை முறை மாற்றினாலும் மன்னித்துவிடலாம். ஒன்றும் செய்யாவிட்டால், நல்லவராகவே இருந்தாலும், அவர் நல்ல முதல்வர். சீர்திருத்தக்காரர் அல்ல.

சோதித்துப் பார்க்கத் தேதியும் இருக்கிறது. பெரியகுளம் நகராட்சி மன்றம் 2022 மார்ச் 2இல் பதவியேற்றது. அரசியல் சட்டத்தின் 243யு பிரிவுப்படி அதன் ஆயுள் ஐந்து வருடம், ஒரு நாள்கூட அதிகமில்லை. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2027 மார்ச் தொடக்கத்தில் கெடு முடிகிறது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் தேர்தல் எப்போது என்று இப்போதே கேட்டுவையுங்கள்.